கையொப்பப் புத்தகமும் கட்டிலடிப் பெட்டிகளும்

மாதுங்காவில் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நான்கு அட்டைப் பெட்டிகள் இருக்கின்றன. நெல்லைச் சீமையிலிருந்து தாராவித் தோல் கிடங்குகளுக்கு வேலைக்கு வந்த குடும்பங்களைப் பற்றி நான் எழுதிய நூலின் விற்காத பிரதிகள் அவை. கையெழுத்துப் பிரதியை முதலில் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்குத்தான் அனுப்பினேன். "நல்லா வந்திருக்கு சார், ஆனா 200 காப்பி நீங்களே எடுத்துக்கணும்" என்றார்கள். 200 பிரதியை நானே வாங்குவதென்றால் நானே பதிப்பாளனாகி விடலாமே என்று 2019-இல் 300 பிரதிகள் அச்சிட்டேன். ரயில்வே கணக்குப் பிரிவில் 34 வருடம் இருந்தவன். அச்சுக்கூலிக் கணக்கு தப்பவில்லை. எழுதியவனே பையைத் தூக்கிக்கொண்டு போய் "வாங்கிக்குங்க" என்று கேட்க வேண்டியிருக்கும் என்பதுதான் கணக்கில் விட்டுப்போயிற்று. முதல் ஆறு மாதம் வெட்கத்திலேயே கழிந்தது.

அந்த வெட்கம்தான் என்னைப் பழைய பதிப்பு வரலாற்றைப் புரட்ட வைத்தது. இப்படிக் கேட்பது இந்தக் காலத்து இழிவா, அல்லது முன்பும் இருந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

முன்பும் இருந்தது. சொல்லப்போனால் முன்பு அதுதான் வழி. அச்சுக்கு முந்திய புலவர் அரங்கேற்றத்துக்குப் புரவலரைத் தேடினார். அச்சு வந்த பிறகு பலர் கையொப்பக்காரரைத் தேடினார்கள். நூல் அச்சாகும் முன்பே "இத்தனை பிரதி எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவதற்குக் கையொப்பம் என்று பெயர். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது இந்த முறையில்தான். ஐயர் அந்நூலின் ஆசிரியர் அல்லர், பதிப்பாசிரியர். ஆனால் பணம் திரட்டும் பாடு இருவருக்கும் ஒன்றே. கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டே, சென்னைக்கு வந்து அச்சு வேலையையும் பார்த்து, பிரமுகர் வீடுகளுக்கும் ஏறி இறங்கினார். அவருடைய சுயசரிதத்தைப் பாடபேதத்துக்காகவும் ஏட்டுச்சுவடி வேட்டைக்காகவும்தான் பெரும்பாலும் படிக்கிறோம். ஒரு முறை வரவு செலவுக்காகவும் படித்துப் பாருங்கள், வேறு புத்தகமாகத் தெரியும். அவருக்கு மூத்தவரான சி.வை.தாமோதரம் பிள்ளையும் தொல்காப்பியம், கலித்தொகை என்று பதிப்பித்தபோது இதே சுமையைச் சுமந்தவர்தாம்.

அன்பர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையொப்பம் இட்டவரின் பெயரை நூலிலேயே அச்சிடும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. ஆகவே அவர் வெறும் வாடிக்கையாளர் அல்லர். நூலுக்குள் ஒரு இடம் பெற்றவர். இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் மளிகைக் கடை, பாத்திரக் கடை, கேட்டரிங் வாழ்த்து விளம்பரங்களைப் பார்ப்பீர்கள். அந்தக் கையொப்பத்தின் பேரப்பிள்ளைகள்தான் இவை!

பாரதியாரின் கதை இன்னும் வேறு. 1907-இல், அரசியலில் அவருக்கு எதிர் அணியான மிதவாதி வி.கிருஷ்ணசாமி ஐயர், பாரதி பாடல்கள் சிலவற்றைத் தம் செலவில் அச்சிட்டு 15,000 பிரதிகள் இலவசமாக வழங்கச் செய்தார். அடுத்த ஆண்டு பாரதியாரே ஸ்வதேச கீதங்களை நூலாக வெளியிட்டார். 1920-இல் கடையத்தில் இருந்தபோதுதான் அந்தப் பெரிய திட்டம். தம் எழுத்து முழுவதையும் 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி வீதம் அச்சிடப் போவதாகவும், அதற்கு வட்டியோடு திருப்பித் தரும் கடனாகப் பணம் வேண்டுமென்றும் நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீட்டுக்கு வீடு விற்கும் என்று நம்பினார். 40-ஐ 10,000-ஆல் பெருக்கினால் நான்கு லட்சம் பிரதி. கவிஞனின் கனவுக் கணக்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். 15,000 பிரதி மக்கள் கைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவர் 10,000 என்று எழுதியதில் என்ன பைத்தியக்காரத்தனம்? தானம் கேட்காமல் கடன் கேட்டதையும் நாம் போதுமான அளவு பேசவில்லை. திட்டம் நடக்கவில்லை, 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். 1949-இல் சென்னை மாகாண அரசு அந்நூல்களின் உரிமையை வாங்கியது.

இடையில் நாவல்காரர்கள் சந்தையை நன்றாகவே புரிந்துகொண்டார்கள். வடுவூர் கே.துரைசாமி ஐயங்கார் 'மனோரஞ்சனி' என்ற மாத இதழ் வழியாகத் தம் நாவல்களை வாசகரிடம் சேர்த்தார். வை.மு.கோதைநாயகி அம்மாள் 1925-இல் 'ஜகன்மோகினி'யை ஏற்று நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். கடையை நம்பாமல் சந்தாதாரரை நம்பிய தொழில் இது.

என் வெட்கத்தைப் போக்கியவர் சி.சு.செல்லப்பா. 1959 ஜனவரி முதல் 1970 வரை 'எழுத்து' 119 இதழ்கள் நடத்தியவர். எழுத்து பிரசுர நூல்களை மூட்டையாகத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். "இந்தாருங்கள், இதைப் படியுங்கள்" என்று சொல்லும் உரிமை தமக்கு உண்டு என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மூட்டையைத் தூக்கியிருக்க முடியாது. மூன்று பாகங்கள் கொண்ட 'சுதந்திர தாகம்' நாவலையும் 1997-இல், 85 வயதில், அவரே வெளியிட்டார். மறு ஆண்டு காலமானார். அந்த நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001-இல்.

பிறகு நூலக ஆணை என்று ஒன்று வந்து, பல பதிப்பாளர்களுக்கு வாசகர் முகமே பார்க்காமல் புத்தகம் போடும் வசதி கிடைத்தது. 1977-இல் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்கியது. 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் வந்தது. அச்சுக்கூலியே இல்லாமல் எவரும் நூல் வெளியிடலாம் என்றானது. பேரன் என் நூலையும் அதில் ஏற்றித் தந்தான். "தாத்தா, ரிவ்யூ போடச் சொல்லி எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்றான். ஆக, மறுபடியும் வீடு வீடாகப் போகும் வேலைதான், வாசல்தான் மாறியிருக்கிறது.

என்னைப் போன்றவர்களை உண்மையில் இடித்தது தபால். பதிவுப் புத்தக அஞ்சல் என்ற மலிவான வழி 2024 டிசம்பரில் நின்றுபோனது. 180 ரூபாய் புத்தகத்துக்கு அனுப்பும் செலவு என்ன என்று கேட்டுவிட்டு, "அப்புறம் பாக்கலாம்" என்றவர்கள் பலர். 2025 மே முதல் தேதியில் 'ஞான் போஸ்ட்' வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. என் நூல் 280 கிராம். அட்டை உறையோடு எடை தாண்டிவிடுமோ என்று இப்போது பழுப்புத்தாளில் சுற்றுகிறேன்.

போன மழைக்காலத்தில் தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் ஒரு பெரியவர், தேநீர்க் கடையில் நின்றபடியே நூலைப் புரட்டி, 63-ஆம் பக்கத்தில் நின்றார். தோல் கிடங்கில் உப்புப் போடும் வேலை பார்த்த அவருடைய தகப்பனார் பெயர் அதில் இருந்தது. "அப்பா பேரை நான் அச்சுல பார்த்ததே இல்ல தம்பி" என்றார். எனக்கு வயது 71. அவர் தம்பி என்றது பிடித்திருந்தது. ஐந்து பிரதி வாங்கினார். ஊரில் அக்கா தங்கைகளுக்கு அனுப்பவாம். பாதி விலைக்குத் தருகிறேன் என்றதற்குக் கோபித்துக்கொண்டார்.

"எப்பத்தான் இந்தப் பெட்டியைக் காலி பண்ணப் போறீங்க? கரையான் முதல்ல படிச்சு முடிச்சுடும்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். மீதி 114 பிரதி. மலர் வெளியீட்டு நாளன்று மண்டப வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மேசை போட்டுக்கொள்ளச் சங்கச் செயலாளர் அனுமதி தந்திருக்கிறார். 180 ரூபாய். சில்லறையாகக் கொண்டு வந்தால் நல்லது.