கடையே வங்கியாய் இருந்த காலம்

ஓர் ஊரின் வரலாறு என்றவுடன் கோட்டையையும் கொடியையும் ஆண்டவர் பெயர்களையும் தேடிச் செல்லுதல் நம்மவர் வழக்கம். கற்பிட்டிக்கு வருவோர் எவரும் 1667ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டையையே முதலிற் காண்கின்றனர். அக்கோட்டை எதைக் காப்பதற்காக எழுந்தது என்று கேட்போர் மிகச் சிலரே. வாவிக்குள் நுழையும் வணிகத்தைத் தம் கைக்குள் வைத்திருப்பதற்காகவே ஒல்லாந்தர் அதனை எழுப்பினர். ஒல்லாந்தர் போயினர், ஆங்கிலேயரும் போயினர், கடை மட்டும் போகவில்லை. ஆதலின் குறிஞ்சிப்பிட்டி, கற்பிட்டி, புத்தளம் முதலிய ஊர்களைக் கொண்ட இக்கரையின் கடைகளையும் கைவினைஞரையும் வட்டிக்கடைகளையும் பின்வந்த வங்கிகளையும் பற்றி இம்மலரிற் சில கூற முற்பட்டோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியே நாம் சிறப்பாக எடுத்துக்கொண்ட காலம்.

பிட்டி என்பது மேட்டுநிலம். ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளம் வாவியும் கிடக்க, இடையே நீண்டு செல்லும் மணல்மேட்டிலே நம் ஊர்கள் அமைந்துள்ளன. இம்மணல் நெல்லுக்கு உகந்ததன்று. கடல் மீனைத் தரும். தென்னை தேங்காயைத் தரும். உப்பளம் உப்பைத் தரும். சோற்றுக்கு அரிசியை மட்டும் வெளியிலிருந்தே கொண்டுவரல் வேண்டும். விற்காமலும் வாங்காமலும் இங்கே ஒருவன் வாழ்தல் அரிது. 1344ஆம் ஆண்டில் இக்கரையில் இறங்கிய இபுனு பத்தூத்தா என்னும் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர், கரையிலே குவிந்து கிடந்த கறுவா மரங்களை மலையாளக் கரையார் ஏற்றிச் சென்றதையும், அதற்கு ஈடாக அரசனுக்குத் துணி முதலியன கொடுத்ததையும் எழுதி வைத்துள்ளார். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு இழந்த கண்டி மன்னரும், சிலாபம் புத்தளம் பகுதிகளின் உப்பை எடுத்துச் செல்லும் உரிமையை மட்டும் விடாது காத்துக்கொண்டார். உப்பின்றி மலைநாடு வாழாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்களைப் பற்றிய கெசற்றியர் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பிராங் மொடர் என்பார் புத்தளம் மாவட்டத்துக்கெனவே தனியொரு கெசற்றியரை 1908இல் எழுதினார். இத்தகையோர் பிறந்தும் வாழ்ந்தும் எழுதிய கரையிலே, நம் பாட்டன்மார் எங்கே அரிசி வாங்கினர், யாரிடம் கடன்பட்டனர் என்பதை நாம் எழுதி வைக்கவில்லை.

அக்காலத்திலே இங்கிருந்து வெளிச்சென்ற சரக்குகள் முக்கியமாக மூன்று: கருவாடு, கொப்பரா, உப்பு. உப்பு வணிகம் அரசாங்கத்தின் ஏகபோகம். அதன் இலாபத்திற் பெரும்பங்கு திறைசேரிக்கே சென்றது. கொப்பரா கண்டிக் கணக்கில் விலைபோயிற்று. ஒரு கண்டி 560 இறாத்தல்; அதற்கு ஏறத்தாழ 1,200 தேங்காய் உடைக்கவேண்டும். இச்சரக்குகள் கடல்வழியே தோணியிலும், ஒல்லாந்தர் காலத்து வாய்க்கால் வழியே கூரை வேய்ந்த தட்டைப் படகுகளிலும் கொழும்பு நோக்கிச் சென்றன. புகையிரதப் பாதை 1909இல் நீர்கொழும்பையும், 1916இற் சிலாபத்தையும், 1926இற் புத்தளத்தையும் எட்டியது. படகுக்காரரின் பிழைப்பு மெல்லக் குறைந்தது. கொழும்பு விலையறியும் வழி மட்டும் விரைவாயிற்று.

இனி நாம் கூற எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். அந்நாளிலே நம் கரையாரிற் பெரும்பாலோருக்கு வங்கி எங்கே இருந்தது? கடையிலே இருந்தது.

வாடைக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடல் ஒருவாறு அடங்கியிருக்கும், மீன் படும், கையிற் காசு புரளும். சோழகம் எழுந்துவிட்டாற் கடல் கொந்தளிக்கும், வள்ளம் கரையேறும், ஆனால் வயிறு கரையேறுமா? அம்மாதங்களில் அரிசியும் மண்ணெண்ணெயும் வலைநூலும் கடைக்காரரின் பற்றுக் கொப்பியிலே ஏறின. மீண்டும் கடல் அடங்கியதும் பட்ட மீனெல்லாம் கருவாடாகி அதே கடைக்கு வந்தது. கடன் கொடுத்தவரே சரக்கைக் கொள்பவர். கொள்பவரே விலையைக் கூறுபவர். சந்தை விலையிலும் சற்றுக் குறைத்தே சரக்கு எடுக்கப்படும். வட்டி என்னும் சொல் அக்கொப்பியிலே எங்கும் இராது; அது விலைக்குள்ளே ஒளிந்திருக்கும்.

இதன் பொருளை விளங்கிக்கொள்ள வடக்கே நோக்குதல் நன்று. நம் கரைக்கு அப்பால், மன்னார்ப் பகுதியின் மரிச்சுக்கட்டியில் 1903 முதல் 1907 வரை பெரும் முத்துக்குளிப்புக்கள் நடந்தன. ஆளற்ற மணல்வெளியிலே சில கிழமைகளுக்குள் கடைத்தெருவும் நீதிமன்றும் வைத்தியசாலையும் கொண்ட நகரமொன்று எழும். குளிப்பு முடிந்ததும் மறைந்துவிடும். எடுத்த சிப்பியில் மூன்றிலிரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. ஒரு பங்கு குளித்தவருக்கு. அரசாங்கப் பங்கு இரவிலே ஆயிரக் கணக்கில் ஏலங்கூறப்படும். அங்கே விலையை ஏலம் நிர்ணயித்தது. நம் ஊரிலே விலையைக் கடன் நிர்ணயித்தது. முகமறியாதார் கூடும் இடத்திலே போட்டி உண்டு. முகமறிந்தார் வாழும் இடத்திலே நம்பிக்கை உண்டு. நம்பிக்கை பசியாற்றியது உண்மை. அதுவே கையைக் கட்டியதும் உண்மை.

கடையைச் சுற்றியே கைவினைஞரும் வாழ்ந்தனர். வள்ளம் கட்டும் ஓடாவி, நங்கூரமும் ஆணியும் அடிக்கும் கொல்லர், நகை செய்யும் தட்டார், தையற்காரர், கிடுகு பின்னும் பெண்கள், தேங்காய் உரிப்போர், கொப்பரா வாடியிற் புகைக்குள் நிற்போர் ஆகிய இவர்களுக்கெல்லாம் மீன்படுங் காலமே கூலி கிடைக்குங் காலம். வள்ளக்காரன் கையில் இல்லையெனின் ஓடாவி கையிலும் இல்லை. இவர்களும் அதே கொப்பியிலே பெயரெழுதப்பட்டவர்கள். நெருக்கடி முற்றிய வீட்டிலே பெண்ணின் காதிலும் கழுத்திலும் கிடந்த பொன்னே சேமிப்பு வங்கியாயிற்று. தபாற் கந்தோர்ச் சேமிப்பு வங்கி 1885 முதல் நாட்டில் இருந்ததாயினும், அது சேமிக்க உள்ளவனுக்கே பயன்பட்டது. கடன் தேடுவோனுக்கு அங்கே கதவில்லை.

கடைக்காரரை எல்லாம் வல்லவராக எண்ணிவிடலாகாது. அவரும் கடனாளியே. கொழும்புப் புறக்கோட்டையின் மொத்த வியாபாரி தவணைக்குக் கொடுத்த அரிசியைத்தான் அவர் ஊரிலே கடனுக்குக் கொடுத்தார். மொத்த வியாபாரிக்கும் தென்னந்தோட்டக்காரருக்கும் பணம் கொடுத்தவர் பெரும்பாலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார். செட்டியார் தம் முதலோடு கொழும்பிலிருந்த ஆங்கில வங்கிகளிலும் கடன் எடுத்தார். வங்கிக்கும் செட்டியாருக்கும் இடையே பிணை நின்றவர் சராப்பு எனப்பட்டார். இலண்டனிலிருந்து குறிஞ்சிப்பிட்டி வரை இவ்வாறு கண்ணிகள் கோத்த சங்கிலி ஒன்று கிடந்தது. மேற்கண்ணி இறுகினாற் கடைசிக் கண்ணியிற் கிடந்த வள்ளக்காரனுக்கே மூச்சு முட்டும்.

செட்டியாரின் தொழில்முறை வியக்கத்தக்கது. விலாசம் எனப்படும் பெயரெழுத்துக்களே அவர்தம் நிறுவனத்தின் பெயர். ஊரிலிருந்து வரும் முகவர் ஏறக்குறைய மூன்றாண்டு கிட்டங்கியிலே தங்கி, எளிமையாக உண்டு, பேரேட்டைப் பிழையின்றி எழுதி, அடுத்தவரிடம் ஒப்புவித்துத் திரும்புவார். சென்னையிலும் இரங்கூனிலும் அவர்கள் கோயிலிற் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். ஆங்கில வங்கி ஏறெடுத்தும் பாராத சுதேசிக்கு அவன் முகத்தையும் நிலத்தையும் பார்த்துப் பணம் கொடுத்தவர் அவரே. கதிரேசனுக்குக் கோயில் கட்டியவரும் அவரே. ஆயினும் ஈடு வைத்த தென்னந்தோட்டங்கள் பல மீளாமல் அவர் வசமாயின என்பதையும் நாம் மறைத்தல் முறையன்று. நம் சமயத்தவர் என்பதற்காக வட்டி குறைந்ததுமில்லை; பிற சமயத்தவர் என்பதற்காகக் கூடியதுமில்லை.

இதனை நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணமுண்டு. நம் இளைஞர் சிலர் கடைகளைப் பற்றிப் பேசும்போது “அவர்கள் நம்மைச் சுரண்டினார்கள்” என்று ஒரு சமூகத்தைச் சுட்டிப் பேசக் கேட்கிறோம். இக்கரையிலே சோனகரும் இந்துக்களும் கத்தோலிக்கரும் கடை வைத்திருந்தனர்; மூவரும் கடன் கொடுத்தனர்; மூவரும் கடன்பட்டனர். 1915ஆம் ஆண்டு மே மாத இறுதியிற் கண்டியிலே மூண்ட கலவரம் பல மாகாணங்களுக்குப் பரவி, இந்தியச் சோனகரின் சில்லறைக் கடைகள் பல சூறையாடப்பட்டன. வடமேல் மாகாணமும் இராணுவச் சட்டத்துக்கு உட்பட்டது. சமயப் பிணக்கே தீப்பொறி எனினும், போர்க்கால விலையேற்றமும் கடைக்காரர் மீதிருந்த வெறுப்பும் எண்ணெயாயின. கடை எரிந்தது, எவனுடைய கடன் எரிந்தது? சங்கிலி அப்படியே கிடந்தது.

அச்சங்கிலி உண்மையில் அறுந்தது தீயினாலன்று, மேற்கண்ணி நொடிந்ததினால். 1925இற் கொழும்பிலே பெரிய செட்டியார் விலாசம் ஒன்று வீழ்ந்தது. ஆங்கில வங்கிகள் அஞ்சிச் செட்டியாருக்குக் கொடுத்துவந்த கடனைச் சுருக்கின. செட்டியார் தம் கடனைத் திருப்பிக் கேட்டார். சில ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தமும் வந்து கொப்பராவின் விலையை வீழ்த்தியது. தென்னந்தோட்டக்காரர் ஈட்டை மீட்க இயலாது திகைத்தனர். இந்நிலையிலேயே சேர் சொராப்ஜி பொச்கன்வாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்து 1934இல் அறிக்கை தந்தது. சுதேச வணிகருக்கும் விவசாயிகளுக்கும் கடன் வசதியில்லை, அரசாங்க உதவியோடு நாட்டுக்கென ஒரு வங்கி வேண்டும் என்பது அதன் முடிபு. அதன் பயனாக 1939ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதலாந் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது.

கூட்டுறவுச் சட்டம் 1911இலேயே வந்தது. எனினும் இரண்டாம் உலகப் போர்க்காலத்து உணவுப் பங்கீட்டின்போதே சங்கக்கடை ஊர்தோறும் வேரூன்றியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் செட்டியார் பலர் அந்நியராகி, கணக்கை முடித்துத் தாயகம் திரும்பினர். 1961இல் இலங்கை வங்கி அரசுடைமையாயிற்று. அவ்வாண்டிலேயே கூட்டுறவு இயக்கத்தின் மீது மக்கள் வங்கியும் எழுந்தது. கடைக்காரரின் கொப்பியைத் தவிர வேறு வழியுண்டு என்பதைச் சாதாரண மனிதன் அப்போதுதான் கண்டான்.

அவ்வழி போதுமானதாயிற்றா? இல்லையென்றே கூறவேண்டும். 2018இல், வறட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள் பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வர நேர்ந்தது. வாசலுக்கு வந்து கடன் கொடுப்போர் கிழமைதோறும் வாசலுக்கு வந்தே அதனை அறவிட்டனர். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையிற் கிடந்தபோது, பல வீடுகளில் உலை ஏறியது மீண்டும் கடைக்காரரின் கொப்பியினாலேதான். நூறாண்டு கழிந்தும் நம் கரையின் கடைசி வங்கி கடையே எனின், பாட்டன்மார் பட்ட பாட்டை நாம் இன்னும் பாடமாகக் கொள்ளவில்லை என்பதே பொருள்.

இளைஞர்களே! கடனிலே இரு கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். வட்டி எவ்வளவு என்பது ஒன்று. கடன் பட்டபின் என் சரக்கை நான் விரும்பியவனுக்கு விற்கலாமா என்பது மற்றொன்று. முதற் கேள்வியை எல்லோரும் கேட்பர். இரண்டாவதைக் கேளாமையாலேதான் நம் கரை பல தலைமுறை விலை கூறும் உரிமையை இழந்தது. அவ்வுரிமையைத் தனியொருவன் மீட்டல் அரிது. சேர்ந்து சேமித்து, சேர்ந்து விற்போர் மீட்கலாம். நம் மன்றம் அதற்கொரு தொடக்கமாகக் கூடாதா?

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டியிலும் பரணிலும் கிடக்கும் பழைய பேரேடு, ஈட்டுறுதி, புறோ நோட்டு, கடைச் சிட்டை எவையாயினும் கறையானுக்கு விடாதீர்கள். மன்றத்துப் பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். இன்ன வள்ளத்தைக் கட்டிய ஓடாவி யார், இன்ன கடை எங்கே இருந்தது, சோழகத்திலே அரிசி கொடுத்தவர் யார் என்று சொல்லுங்கள், நாம் எழுதிக்கொள்கிறோம். பட்ட கடனையும் பெற்ற உதவியையும் ஒருங்கே எழுதினாற்றான் கணக்கு நேராகும். பற்றும் வரவும் அறிந்த ஊரே தன் விலையைத் தானே கூறவல்லது.