கட்டுக்கடங்காத பிள்ளையும் சட்டத்தின் வாசலும் – ஒரு வரலாற்றுப் பார்வை

"ரெண்டு நாள் போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வெச்சா எல்லாம் தன்னால சரியாயிடும்." பதின்வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்த வார்த்தை விழாமல் இருப்பது அபூர்வம். நம் அப்பாக்கள் காலத்தில் இதையே "சீர்திருத்தப் பள்ளியில கொண்டுபோய் விட்டுடுவேன்" என்பார்கள். பெரும்பாலும் அது வெறும் மிரட்டல்தான். ஆனால் சில வீடுகளில் அது மிரட்டலோடு நிற்பதில்லை.

ஊரை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடும்பம் நடத்துகிற நமக்கு இந்த எண்ணம் வருவதற்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. ஊரில் பிள்ளை முரண்டு பிடித்தால் தாத்தா இருந்தார், தாய்மாமன் இருந்தார், தெருக்கோடி வாத்தியார் இருந்தார். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே ஒரு மூன்றாம் மனிதர் எப்போதும் இருந்தார். இங்கே இரண்டு அறை ஃபிளாட்டுக்குள் அப்பா, அம்மா, பிள்ளை அவ்வளவுதான். அந்த மூன்றாம் மனிதரின் நாற்காலியில் போலீஸையோ கோர்ட்டையோ உட்கார வைக்கலாமா? இதுதான் கேள்வி. இதற்கு விடை தேட நாம் புதிதாக ஒன்றும் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. பல நாடுகள் சட்டமே போட்டுப் பார்த்து, கைவிட்டிருக்கின்றன.

மனுநீதிச் சோழன் சொல்வது என்ன?

பிள்ளையைச் சட்டத்துக்கு ஒப்படைத்த தகப்பன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் மனுநீதிச் சோழன். சிலப்பதிகாரத்தில் கண்ணகி அவரைக் குறிப்பிடுகிறாள். பெரியபுராணம் திருவாரூரில் வைத்து விரிவாகச் சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலையும் இருக்கிறது. ஆனால் கதையைக் கவனித்துப் பாருங்கள். இளவரசன் அப்பா சொன்ன பேச்சைக் கேட்காதவன் அல்ல. அவன் தேர்ச்சக்கரத்தில் ஒரு கன்று மாட்டிச் செத்தது. மணியடித்து முறையிட்டது தாய்ப்பசு. அங்கே பாதிக்கப்பட்ட ஓர் உயிர் இருந்தது. 'என் மகன் எனக்கு அடங்கவில்லை' என்று எந்தத் தகப்பனும் அந்த மணியை அடிக்கவில்லை. குற்றம் வேறு, அடங்காமை வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்ட நாடுகள் பட்ட பாட்டை இனிப் பார்ப்போம்.

பிரான்ஸ்: தகப்பன் கேட்டால் சிறை

புரட்சிக்கு முந்தைய பிரான்ஸில் மன்னரின் முத்திரைக் கடிதம் ஒன்று இருந்தால் போதும், விசாரணையே இல்லாமல் ஒருவரை அடைத்து வைக்கலாம். தறுதலைப் பிள்ளைகளை அடக்க இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிய குடும்பங்கள் ஏராளம். அவற்றில் பெயர் பெற்றது மிராபோ குடும்பம். தந்தை 'மனிதர்களின் நண்பன்' என்ற நூல் எழுதிப் புகழ் பெற்ற பொருளாதார அறிஞர். மகன் சூதாடி, கடன்காரன். 1768-ல், 19 வயதில், முதல்முறையாக மகனை ரே தீவில் அடைக்க ஏற்பாடு செய்தார் தந்தை. பிறகும் விடவில்லை. 1777 முதல் 1780 வரை வின்சேன் கோட்டையில் மகன் அடைபட்டுக் கிடந்தான். திருந்தினானா? உள்ளே உட்கார்ந்து அந்த முத்திரைக் கடித முறையையே கண்டித்துப் புத்தகம் எழுதினான். 1789 புரட்சியின் முன்னணிப் பேச்சாளனும் அவனே. 1790-ல் அந்த முறை ஒழிக்கப்பட்டது.

ஆனால் பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா? நெப்போலியனின் 1804 சிவில் சட்டம் வேறு வழியில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை ஒரு மாதம் வரையும், அதற்கு மேற்பட்டவனை ஆறு மாதம் வரையும் அடைத்து வைக்கும்படி தகப்பன் கேட்கலாம். சிறிய பிள்ளை என்றால் நீதிபதி மறுக்கவே முடியாது. கைது உத்தரவில் காரணம்கூட எழுத வேண்டியதில்லை. இப்படிச் சிறையில் வைக்கும் அதிகாரம் 1935-ல்தான் நீங்கியது.

அமெரிக்கா: கொடுத்தது திரும்பாது

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1646-ல் போட்ட சட்டம் இன்னும் கடுமையானது. 16 வயது நிரம்பிய மகன் பிடிவாதக்காரனாகவும் அடங்காதவனாகவும் இருந்தால் பெற்றோர் அவனை நீதிபதிகள் முன் நிறுத்தலாம். மரண தண்டனைகூட உண்டு. அப்படி யாரும் கொல்லப்பட்டதாகப் பதிவு இல்லை. எந்தப் பெற்றோருக்கு மனசு வரும்? ஆனாலும் 'பிடிவாதப் பிள்ளை' என்ற குற்றம் பல மாற்றங்களோடு அந்த மாநிலத்தில் 1973 வரை சட்டத்தில் இருந்தது.

நமக்கு அதிகப் பாடம் சொல்வது பென்சில்வேனியாவில் நடந்த மேரி ஆன் கிரவுஸ் வழக்கு. மகள் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று தாய் முறையிட்டாள். சிறுமியைப் பிலடெல்பியாவின் சீர்திருத்த இல்லத்தில் சேர்த்தார்கள். தந்தைக்கு அதில் சம்மதமில்லை. மகளை விடுவிக்கக் கோரி ஆட்கொணர்வு மனுப் போட்டார். 1839-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. இது சிறையல்ல, பள்ளிக்கூடம். பெற்றோர் உரிமையைவிடப் பிள்ளையின் நலனில் அரசுக்குள்ள பொறுப்பு பெரிது என்பது தீர்ப்பின் சாரம். தாய் தட்டியதும் திறந்த கதவு, தந்தை தட்டியபோது திறக்கவில்லை. 'ரெண்டு நாள் வெச்சிருந்து அனுப்பிடுங்க சார்' என்று கேட்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒப்படைப்பதுதான் நம் கையில் இருக்கிறது. திரும்ப வாங்குவது நம் கையில் இல்லை.

இங்கிலாந்து வழியாக நம் நாட்டுக்கு

இங்கிலாந்தின 1866-ஆம் ஆண்டுத் தொழிற்பள்ளிச் சட்டப்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை 'என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை' என்று பெற்றோரே நீதிபதிகளிடம் சொல்லிப் பள்ளியில் சேர்க்கலாம். ஒரு நூற்றாண்டு அனுபவத்துக்குப் பின், 1963-ல், பெற்றோர் நேராகப் பிள்ளையைச் சிறார் நீதிமன்றத்துக்கு இழுத்து வருவது தடை செய்யப்பட்டது. முதலில் உள்ளாட்சி அமைப்பிடம் போக வேண்டும் என்று ஆனது.

நம் நாட்டில் 1876, 1897 சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்களும், அவற்றுக்குப் பின் 1920-ல் மெட்ராஸ் சிறுவர் சட்டமும், 1922-ல் வங்காளத்திலும் 1924-ல் பம்பாயிலும் அதேபோன்ற சட்டங்களும் வந்தன. விடுதலைக்குப் பின் யூனியன் பிரதேசங்களுக்காக வந்த 1960-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17-ஆவது பிரிவுக்குத் தலைப்பே 'கட்டுக்கடங்காத பிள்ளைகள்' என்பதுதான். பெற்றோர் புகார் சொன்னால், வாரியம் விசாரித்துப் பிள்ளையைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பலாம். நாடு முழுதுக்கும் பொதுவாக வந்த 1986 சிறார் நீதிச் சட்டத்திலும் அதே 17-ஆவது பிரிவு அப்படியே தொடர்ந்தது.

மாறிப்போன சொற்கள்

1992-ல் இந்தியா ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதன் பின் வந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'கட்டுக்கடங்காத பிள்ளை' என்ற பிரிவையே காணோம். அந்த இடத்தில், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் பட்டியலில் புதிய வாசகம் வந்தது: 'கட்டுப்படுத்தத் தகுதியோ திறனோ இல்லாத பெற்றோரை உடைய குழந்தை'. இப்போது நடைமுறையில் உள்ள 2015 சட்டத்தில் 'கட்டுப்படுத்த' என்ற சொல்லும் போய்விட்டது. 'பராமரிக்கவும் பாதுகாக்கவும் தகுதியோ திறனோ இல்லாத பெற்றோர்' என்கிறது அது.

இது வெறும் வார்த்தை மாற்றமா? இல்லை. 1986 சட்டத்தின் கீழ் புகாரோடு போன தகப்பனைப் பார்த்து வாரியம் "பிள்ளை எப்படி?" என்று கேட்டது. இன்று போனால் குழந்தைகள் நலக் குழு "பெற்றோர் எப்படி?" என்றுதான் முதலில் கேட்கும். பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது அதே சட்டத்தின் 75-ஆவது பிரிவு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் இதே வழியில்தான் போகிறது. 18 வயது ஆகாத மகன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால், தனக்குத் தெரியாமல் நடந்தது அல்லது தடுக்க முயன்றேன் என்று நிரூபிக்காத பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

இல்லங்களின் நிலையையும் மறந்துவிடக் கூடாது. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். திருட்டு வழக்கில் கொண்டுவரப்பட்டவன். அவனை அடித்ததாக ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அவனைப் பெற்றோர் ஒப்படைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் 'உள்ளே போனா ஒழுக்கம் கத்துக்குவான்' என்று நினைக்கிறவர்கள் அந்தச் செய்தியை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மகள் விஷயத்தில்

மகன் என்றால் மிரட்டலோடு நிற்கிற தகப்பன், மகள் காதலித்தால் உண்மையாகவே போலீஸுக்குப் போகிறார். வரதராஜன் எதிர் மெட்ராஸ் அரசு என்ற வழக்கில் சென்னைக் கல்லூரி மாணவி ஒருத்தி, 18 வயதுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, தானாகப் புறப்பட்டுக் காதலனிடம் போனாள். தகப்பனார் அரசு அதிகாரி. புகாரின் பேரில் அந்த இளைஞருக்குக் கடத்தல் குற்றத்துக்காகத் தண்டனை கிடைத்தது. விவரம் தெரிந்த பெண் தானே வந்தால் அது கடத்தல் ஆகாது என்று 1964 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

2012-ல் வந்த போக்சோ சட்டம் 18 வயதைக் கறாராக வைத்தது. சிறுமிகளைக் காப்பதற்கு அது அவசியமான சட்டம். ஆனால் பதின்வயதுக் காதலைத் தண்டிக்கவும் குடும்பங்கள் அதைக் கையில் எடுத்தன. 2021 ஜனவரியில் இப்படிப்பட்ட ஒரு வழக்கை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றம், இத்தகைய உறவுகளை இழுத்து வருவது சட்டத்தின் நோக்கமல்ல என்று சொன்னது. ஆனால் ஒவ்வொரு வழக்கும் ரத்தாகும் என்று சொல்ல முடியாது. மகளைத் திருத்தப் போட்ட கேஸில் இன்னொரு வீட்டுப் பையன் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைவான். பெற்றோருடன் போக மறுக்கிற மகளோ அரசு இல்லத்துக்குப் போவாள்.

அப்படியானால் சட்டமே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. பிள்ளை வீட்டை விட்டு ஓடிவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் காவல் நிலையம் போக வேண்டும். காணாமல் போன குழந்தை என்றால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்பது 2013-ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. போதைப்பொருள் விற்பவர்கள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டால், யாராவது மிரட்டினால், வீட்டில் ஒருவர் உயிருக்கு ஆபத்து என்றால், சட்டத்தின் உதவியைக் கேட்பதே முறை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எல்லா மாநிலத்திலும் கிடைக்கும். பிள்ளை பிறருக்குத் தீங்கு செய்திருந்தால் மூடி மறைப்பதும் தவறு. மனுநீதிச் சோழன் கதை நமக்குச் சொல்வது அதைத்தான். அப்போதும் அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதி வாரியம் முன் நிறுத்த வேண்டும், பெயர் வெளியே வரக் கூடாது என்கிற உரிமைகளைப் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நமக்குச் சரியாக வாசிக்கத் தெரியாத இந்தியிலோ மராத்தியிலோ எழுதிய தாளில் பதற்றத்தோடு கையெழுத்துப் போடக் கூடாது. வக்கீலோடு, மொழி தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள்.

படிக்காதது, எதிர்த்துப் பேசுவது, இரவு பத்து மணிக்கு வீடு திரும்புவது, செல்போனே கதியென்று கிடப்பது, இவையெல்லாம் அடங்காமைதான், குற்றம் அல்ல. இதற்குப் போலீஸ் வேண்டாம். முன்பு தாய்மாமன் உட்கார்ந்த நாற்காலி காலியாக இருக்கிறது என்பதே நம் உண்மையான குறை. மனநல ஆலோசகர் அந்த இடத்தில் உட்காரலாம். பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியர் உட்காரலாம். நம் சங்கங்களில் பொறுமையும் நல்ல பெயரும் உள்ள பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஒரு குழு வைத்திருக்கிற நாம், இதற்கும் நான்கு பேரை அடையாளம் காட்டி வைத்தால், "எங்க போய்ச் சொல்றது?" என்று தவிக்கிற அப்பா அம்மாவுக்குக் காவல் நிலையத்துக்கு முன்னால் போவதற்கு ஒரு வீடு இருக்கும்.