பிழைகள் என்றொரு தலைப்பு: கருவிக் குறிப்புகளின் வரலாறு

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதற்கையேடு 1971 நவம்பர் 3 என்று நாளிடப்பட்டது. யூனிக்ஸை ஆக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியுமே அதன் ஆசிரியர்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் தனிக்குறிப்பு. எல்லாக் குறிப்புகளுக்கும் ஒரே ஒழுங்கு. முதலில் கட்டளையின் பெயரும் ஒருவரி விளக்கமும், அடுத்து அதை எழுதும் முறை, பின்னர் அது செய்யும் வேலை, தொடர்புடைய பிற கட்டளைகள். இறுதியில் இரு தலைப்புகள் வருகின்றன: ஒன்று 'பிழைகள்', மற்றொன்று பொறுப்பாளரின் பெயர்ச்சுருக்கம். தாம் செய்த கருவியின் குறைகளைத் தாமே எழுதி, அதன்கீழ் தம் பெயரையும் இட்ட இந்த வழக்கம் நோக்கத்தக்கது.

அவர்களுடைய துறைத்தலைவராக இருந்த டக் மெக்கில்ராய் பின்னாளில் ஒரு செய்தியை நினைவுகூர்ந்தார். கையேட்டின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் ஆய்வுக்கூடம் பரபரப்படையும். ஒரு கட்டளையின் கோணல்களை எழுத்தில் கண்டதும், இதை எப்படி அச்சிடுவது என்று நாணி, நிரலையே திருத்திவிடுவார்களாம். விளக்க எளிதாக இருக்கவேண்டும் என்பதற்காகவே கருவி மாறியது.

எனினும், அக்கையேட்டைப் படித்தவர் மனிதர். குறிப்பு தெளிவற்றதாயின் பக்கத்து அறையில் கேட்பார்; சோதித்துப் பார்ப்பார்; மூலநிரலைப் படிப்பார். நிரலுலகில் மோசமான குறிப்புகள் அரை நூற்றாண்டுக் காலம் பிழைத்துக் கிடந்ததற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம் எனலாம்.

அண்மையில் வேறொரு வாசகர் வந்து சேர்ந்தார். செயற்கை நுண்ணறிவின் மொழி மாதிரிகள் இயல்பில் சொற்களை மட்டுமே ஆக்க வல்லவை. அவற்றுக்குக் கருவிகளைக் கொடுத்துச் செயற்படுத்தும் முயற்சிகள் 2022க்குப் பின் விரைவுபெற்றன. 2022 அக்டோபரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தையும் கூகுளையும் சார்ந்த ஆய்வாளர்கள், சிந்தனையையும் செயலையும் மாறிமாறி நிகழ்த்தும் 'ரியாக்ட்' முறையை வெளியிட்டனர். 2023 மார்ச்சில் ஓபன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடிக்குத் துணைநிரல்களை அறிமுகம் செய்தது. ஒவ்வொரு துணைநிரலுக்கும் இரு விளக்கங்கள் எழுதவேண்டும்: ஒன்று மனிதருக்கு, மற்றொன்று மாதிரிக்கு. 2024இல் அத்துணைநிரல்கள் கைவிடப்பட்டன. ஆனால் இயந்திரத்தை வாசகராகக் கருதி எழுதும் வழக்கம் நிலைத்துவிட்டது. 2023 ஜூனில் அதே நிறுவனம் தந்த வசதியிலும், 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலிலும் ஒரு கருவி பெயர், விளக்கம், தரவேண்டிய உள்ளீடுகள் என்னும் மூன்றாகவே மாதிரியின் முன் வைக்கப்படுகிறது.

இவ்வாறு கருவிகளைத் தானே தெரிந்தெடுத்து இயங்கும் மென்பொருளை முகவர் என்கிறோம். கருவியின் உள்ளே இருக்கும் நிரல் முகவருக்குத் தெரியாது. விளக்கம் என்ன சொல்கிறதோ, அதுதான் அதற்குக் கருவி.

மருத்துவமனை ஒன்றின் முகவருக்கு 'முன்பதிவை மாற்றும்' என்ற இரண்டே சொற்களில் ஒரு கருவி தரப்பட்டதாகக் கொள்வோம். புதிய நேரம் கிடைக்காவிடில் பழைய நேரம் நிலைக்குமா, நீங்குமா? மேசையில் அமர்ந்த எழுத்தர் ஐயுற்று மேலாளரைக் கேட்பார். முகவர் ஓர் ஊகத்தோடு மேலே சென்றுவிடக்கூடும். இழப்பு நோயாளிக்கு. இது நன்னூலார் நூற்குற்றங்களுள் வைத்த குன்றக் கூறல். அவர் சொன்ன மிகைபடக் கூறலும் இங்குக் குற்றமே. மாதிரி ஒரே வேளையில் கருத்திற்கொள்ளும் எழுத்தின் அளவுக்கு வரம்பு உண்டு. ஏறத்தாழ ஒரே பெயருடைய இரு கருவிகளை வேறுபாடு கூறாமல் அடுத்தடுத்து வைப்பது மயங்க வைத்தல்.

ஆந்த்ரோபிக்கின் பொறியாளர்கள் 2024 டிசம்பரில் எழுதிய ஒரு நிகழ்ச்சி இங்குப் பொருந்தும். நிரல் திருத்தும் முகவர் ஒன்று, கோப்புகளைத் தான் நிற்கும் இடத்திலிருந்து கணக்கிட்டு வழி குறித்தது; இடம் பெயர்ந்ததும் வழி தவறியது. கோப்பின் முழு முகவரியையே எப்போதும் தரவேண்டும் என்று கருவியை மாற்றியதும் அப்பிழை ஒழிந்தது. 2025 செப்டம்பரில் மற்றொன்றையும் பதிவு செய்தனர்: தேடுகருவிக்குத் தரும் சொற்களோடு மாதிரி தேவையின்றி '2025' என்பதைச் சேர்த்துக்கொண்டே இருந்தது. கருவியின் விளக்கத்தைச் செம்மைப்படுத்தியே அதைச் சரிசெய்தனர்.

விளக்கத்தை முகவர் நம்புகிறது என்பதில் இன்னோர் இடரும் உண்டு. கருவிக் குறிப்புக்குள் கள்ளக் கட்டளைகளை ஒளித்துவைத்து, பயனர் அறியாமலே அவருடைய கோப்புகளைக் கவரமுடியும் என்று 2025 ஏப்ரலில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினர். எனவே, குறிப்பு தெளிவாக இருந்தால் மட்டும் போதாது; யார் எழுதியது என்பதும் தெரியவேண்டும்.

பழைய கையேட்டின் இறுதி இரு தலைப்புகள் இவ்விடத்தில்தான் நினைவுக்கு வருகின்றன. புதிய வடிவங்களில் 'பிழைகள்' என்று தனித்தலைப்பு இல்லை. கருவி எதைச் செய்யாது, எப்போது அதைப் பயன்படுத்தலாகாது என்பதை எழுதுபவரே மனமுவந்து விளக்கத்துள் சேர்த்தால்தான் உண்டு. சேர்ப்பதே முறை. அவ்வாறு எழுதமுற்பட்டு, நாலு வரியில் நேர்மையாகச் சொல்லமுடியாத கருவியாக அது தோன்றினால், பெல் ஆய்வுக்கூடத்தார் செய்ததையே செய்யலாம்: குறிப்பை ஒதுக்கிவைத்துவிட்டுக் கருவியைத் திருத்தலாம்.