வீடு தேடி வரும் இதய மருந்துகள்: வாலிகண்டபுரம் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு என்று ஏதாவது ஒன்றுக்கு மாத்திரை எடுக்காத வீடு நம் ஊர்களில் இன்று குறைவு. பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருப்பார்கள். வீட்டில் அத்தாவும் அம்மாவும் மட்டும். மாத்திரை தீர்ந்துவிட்டால் வாலிகண்டபுரத்திலிருந்து பெரம்பலூருக்கு பஸ் ஏற வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் "அடுத்த வாரம் போய்க்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். இப்படி இடையில் விட்டுப்போகும் மாத்திரைகள்தான் பிறகு பெரிய ஆபத்தாக வந்து நிற்கின்றன.

இதற்கு அரசே ஒரு வழி செய்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்தம், சர்க்கரை நோயாளிகளுக்கு மாத்திரைகள் வீட்டுக்கே இலவசமாக வருகின்றன. 2024-இல் இத்திட்டத்துக்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை பரிசோதித்துப் பெயரைப் பதிந்துகொண்டால், பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து அழுத்தத்தை அளந்து மாத்திரை தருவார். நம் வீடுகளில் பலர் இதை வசதியில்லாதவர்களுக்கான திட்டம் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையில்லை. மாத்திரையை விட, மாதம் ஒருமுறை ஒருவர் வந்து அழுத்தத்தை அளந்து பார்ப்பதுதான் இதில் பெரிய நன்மை.

இன்னொரு வழி, செல்போன் செயலியில் ஆர்டர் செய்வது. துபாயில் இருக்கும் மகன் அங்கிருந்தே பணம் கட்டி அத்தாவுக்கு மாத்திரை வரவழைக்க முடிகிறது, நல்ல வசதிதான். ஆனால் இந்த விற்பனைக்கான சட்டம் இன்னும் முழுமை பெறவில்லை. இணையவழி மருந்து விற்பனைக்கு மத்திய அரசு 2018-இல் வரைவு விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, விதிகள் வரும்வரை இந்த விற்பனைக்குத் தடை விதித்தார். 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. பிறகு கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச்சில், உரிமம் பெற்ற மருந்துக் கடைகள் மருத்துவர் சீட்டின் பேரில் தங்கள் வருவாய் மாவட்டத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க அனுமதி வந்தது. நாள்பட்ட நோய்க்கான சீட்டாக இருந்தால், எழுதிய 30 நாட்களுக்குள் காட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

ஆகவே மருந்துச் சீட்டே கேட்காமல் இதய மாத்திரை அனுப்பும் இடத்தில் வாங்காதீர்கள். பார்சல் வந்ததும் பில்லில் கடையின் உரிம எண் இருக்கிறதா, அட்டையில் காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள். கம்பெனி பெயர் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் சீட்டில் உள்ளபடியே இருந்தால் போதும். மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகளில் பெயருக்குப் பின்னால் வரும் 'எக்ஸ்எல்' போன்ற எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். அவை மெதுவாகக் கரையும் வகை. முழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குப் பொடித்துத் தரக் கூடாது. வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு மருந்து வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. குறித்த இடைவெளியில் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு தேவை. ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். "பார்சல் நாளைக்கு வந்துடும்" என்று இரண்டு நாள் சும்மா இருப்பதும் நிறுத்துவதைப் போலத்தான். பத்து நாள் மாத்திரை கையிருப்பு இருக்கும்போதே அடுத்த ஆர்டரைப் போட்டுவிடுங்கள். பல் பிடுங்கப் போகும்போதும் இந்த மாத்திரைகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள்.

ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே இதய மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. மூன்று வேளை மருந்தை சஹர், இஃப்தார் என இரண்டு வேளைக்கு மாற்ற முடியுமா, சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையை எப்போது எடுப்பது என்பதையெல்லாம் அவர்தான் சொல்ல வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவரை நோன்பு வைக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், மார்க்கம் நோயாளிக்குத் தந்திருக்கும் சலுகையை வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

மாரடைப்பு நேரத்தில் வீடு தேடி வரும் எந்த மருந்தும் உதவாது. நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் ஓம வாட்டரும் சோடாவும் கொடுத்து "வாயுப் பிடிப்பு" என்று காத்திருக்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் களைப்பும் மேல்வயிற்று வலியுமாக வரலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மூன்றும் முதல் தவணையாகத் தரப்படுகின்றன. பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இவற்றை நாமாக வாங்கி வைத்துக் கொடுக்கக் கூடாது. வயிற்றுப்புண் ரத்தக் கசிவு உள்ளவருக்கு ஆபத்தாகிவிடும். தமிழகத்தில் 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், சிறிய மருத்துவமனைகளையும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸ் வழியாக இணைத்தபோது, ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது.

நம் ஊர் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியிருப்பதால் ஆம்புலன்ஸ் வந்து சேர்வது எளிது. தெருவுக்குள் வீட்டைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாகிறது. அழைப்பவர் பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என்று ஓர் அடையாளம் சொல்லட்டும். ஒருவர் சாலைக்குப் போய் நிற்கட்டும். பழைய இசிஜி, டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, தனியாக இருக்கும் அம்மாவுக்கும் அடுத்த வீட்டாருக்கும் தெரிகிற இடத்தில் மாட்டி வையுங்கள்.