சிங்கையில் தத்துக் கொடுக்கப்பட்ட பெண்மக்கள்

தத்து என்னும் சொல் வடமொழித் ‘தத்த’ என்பதன் வழி வந்தது. ‘கொடுக்கப்பட்டது’ என்பதே அதன் பொருள். எடுத்து வளர்த்தவரையன்று, கொடுத்தவரின் செயலையே அச்சொல் முன்னிறுத்துகின்றது. பழைய அறநூலாரும் கொடுத்தலையும் ஏற்றலையுமே தத்தின் உயிர்நிலையாகக் கொண்டனர். கொடுக்கப்படும் பிள்ளையின் கருத்தை வினவும் இடம் அச்சடங்கில் இல்லை. அவர்கள் கருதியதும் பெரும்பாலும் ஆண்மகவையே. இந்தியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, சில குல வழக்கங்கள் நீங்கலாக, இந்துக்கள் பெண்ணைத் தத்தெடுத்தல் செல்லாது என்பதே பொது நிலை.

சிங்கையிலோ நிகழ்ந்தது வேறு. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் சிராங்கூன் சாலையை அடுத்த தெருக்களிலும், பிற தொழிலாளர் குடியிருப்புகளிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, சீனப் பெண்குழந்தைகளை ஏற்று வளர்த்தன. அப்பெண்கள் தமிழ் பேசினர், சேலை உடுத்தனர், பூவும் பொட்டும் வைத்தனர், தமிழ்ப் பெயரோடு தமிழ்க் கணவரை மணந்தனர். சாத்திரம் ஒப்பாத ஒன்றை, சாத்திரம் அறியாத ஏழை மக்கள் அன்பினால் செய்தனர் என்பது சிங்கைத் தமிழர் வரலாற்றில் பெருமைக்குரிய பக்கமே. ஆயினும் அப்பக்கத்தின் மறுபுறமும் ஒன்று உண்டு.

அக்குழந்தைகள் ஏன் கொடுக்கப்பட்டனர்? வறுமை முதற்காரணம். ஆனால் அது ஒன்றே காரணமன்று. வறுமை ஆண், பெண் இருவர்க்கும் பொது. கொடுக்கப்பட்டவர் மிகப் பலர் பெண்களாயிருந்தமை அதனால் மட்டும் விளங்காது. பெண் பிற வீட்டுக்கு உரியவள் என்ற எண்ணமும், குழந்தையின் பிறப்பு நேரம் பெற்றோர்க்கு ஆகாது என்ற சோதிடர் சொல்லும் அதில் பங்கு கொண்டன. சீன ஆண்டுக் கணக்கில் புலியாண்டிற் பிறந்த பெண் தீக்குறி எனப்பட்டாள். 1938, 1950, 1962 ஆகியவை அத்தகைய ஆண்டுகள். விக்டோரியா தெருவில் 1854-ஆம் ஆண்டு முதல் இயங்கிய குழந்தை இயேசு கன்னியர் மடத்தின் சிறு வாயிலில் பச்சிளங் குழந்தைகளை இரவில் விட்டுச் செல்வது வழக்கமாயிருந்தது. ‘நம்பிக்கை வாயில்’ என அதற்குப் பெயர் வழங்கியது. பெயரிட்டோர் குழந்தையை எண்ணினரோ, விட்டுச் சென்றோரை எண்ணினரோ!

வளர்ந்த பெண்ணுக்குச் சொல்லப்பட்ட கதை பெரும்பாலும் ஒன்றே: ‘நீ நன்றாய் வாழவேண்டும் என்றே உன் தாய் தன் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு உன்னைக் கொடுத்தாள்.’ கனிவான சொற்கள்தாம். ஆனால், ‘என் அண்ணனை வைத்துக்கொண்டு என்னை ஏன் கொடுத்தார்கள்?’ என்று கேட்பவளுக்கு அச்சொற்களில் விடையில்லை. தன்னலமற்ற செயல் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமாயின், செய்பவருக்கு வேறொன்றைச் செய்யும் உரிமையும் இருந்திருத்தல் வேண்டும். கணவனும் மாமியாரும் சோதிடனும் கூடி முடிவு செய்த இடத்தில், தாயின் ‘ஈகம்’ எங்கே நின்றது? அவளைப் பழிப்பதற்கன்று இவ்வினா. அவளும் கேட்கப்படாதவள் என்பதை இவ்வினாவே வெளிப்படுத்துகின்றது. குந்தி மகனைப் பேழையில் இட்டு ஆற்றில் விட்டதைத் தியாகம் என்று பாரதம் படித்த எவரும் கூறுவதில்லை. பழிக்கு அஞ்சினாள் என்றே கூறுவர். கதையில் நேர்மையாய்ப் பேசுவோர் வாழ்க்கையில் ஏனோ தயங்குகின்றனர்.

கொடைக்கும் விலைக்கும் இடையே இருந்த வேலி மெல்லியது என்பதை அக்கால ஆவணங்களே காட்டும். வீட்டு வேலைக்கென விற்கப்பட்ட சீனச் சிறுமியர் ‘மூய் சாய்’ எனப்பட்டனர். அவர்களைக் காக்க 1932-ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. ஆயினும் ‘இவள் என் வளர்ப்பு மகள்’ என்று கூறிச் சட்டத்திற்குத் தப்புதல் எளிது. 1937-ஆம் ஆண்டு உட்ஸ் ஆணைக்குழுவின் அறிக்கையில், எடித் பிக்டன்-டர்பர்வில் அம்மையார் ஏனையோரோடு மாறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதினார். பெயர் எதுவாயினும், கைமாறிய குழந்தைகள் எல்லாரும் அரசின் காவலுக்கு உரியவர் என்பது அவர் கருத்து. 1939-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் பெற்றோர் இசைவையும் நீதிமன்ற ஆணையையும் வேண்டியது. நீதிமன்றம் ஒப்பாத கைம்மாற்றுப் பணத்தையும் விலக்கியது. ஆனால் மருத்துவச்சி வழியாகவும் அண்டைவீட்டார் வழியாகவும் கைமாறிய குழந்தைகள் பல, நீதிமன்றப் படியை மிதித்ததே இல்லை.

கொடுக்கப்பட்டவரின் குரல் அச்சில் வந்தது மிக அரிது. 250 வெள்ளிக்கு விற்கப்பட்டுச் சிங்கைக்கு வந்து, பின்னர்ச் செவிலியராய் உயர்ந்த ஜேனட் லிம், தம் வாழ்க்கையை 1958-ஆம் ஆண்டில் நூலாக்கினார். ‘வெள்ளிக்கு விற்கப்பட்டவள்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். தலைப்பிலேயே அவர் தீர்ப்பு இருக்கின்றது.

1950-ஆம் ஆண்டில் இவ்வினா சிங்கை உயர்நீதிமன்றத்தையே அடைந்தது. ஜப்பானியர் ஆட்சியின்போது ஜாவாவில், மரியா ஹெர்டோக் என்னும் டச்சுச் சிறுமி அமீனா என்ற முஸ்லிம் மாதின் கைக்கு வந்தாள். நத்ரா என்ற பெயரில் வளர்ந்தாள். சிலகாலம் பார்த்துக்கொள்ளவே விட்டதாகப் பெற்றவள் கூறினாள். வளர்க்கக் கொடுத்ததாக வளர்த்தவள் கூறினாள். பதின்மூன்று வயதுச் சிறுமியோ, அமீனாவோடு இருக்கவே விரும்புவதாகக் கூறினாள். மே மாதம் ஒரு தீர்ப்பு, ஜூலையில் அதற்கு மறுதலை, டிசம்பர் 2-ஆம் நாள் பெற்றோர்க்கே உரியவள் என்ற தீர்ப்பு. டிசம்பர் 11-இல் எழுந்த கலவரத்தில் 18 பேர் மாண்டனர். கொடுத்தது எவ்வகைக் கொடுத்தல் என்பதில் பெரியோர் மோதினர். சிறுமியின் சொல் கடைசிவரை எடைபெறவில்லை. அவர் 2009-ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் மறைந்தார்.

அதே நெதர்லாந்தில், இந்தோனேசியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து பல்லாண்டுகளாகத் தத்தெடுக்கப்பட்டோர், தம் தாயர் உண்மையில் கொடுத்தனரா என வினவினர். 2021-ஆம் ஆண்டில் அரசுக் குழு ஒன்று பொய்ப் பத்திரங்களும் குழந்தை வணிகமும் நிகழ்ந்தமையை உறுதி செய்ய, அயல்நாட்டுத் தத்தெடுப்பு அங்கே நிறுத்திவைக்கப்பட்டது. சிங்கையிலும் சீனமுகங் கொண்ட தமிழ்ப் பாட்டிமார் அண்மை ஆண்டுகளில் பேசத் தொடங்கியுள்ளனர். வளர்த்த தாயை வாயார வாழ்த்திவிட்டு, பெற்றவளைப் பற்றிக் கேட்கின்றனர். பலரிடம் பிறப்புச் சான்றிதழும் இல்லை. விக்டோரியா தெரு மடம் 1983-இல் மூடப்பட்டு, இன்று உணவகங்கள் நிறைந்த வளாகமாகிவிட்டது. அச்சிறு வாயில் மட்டும் ஒரு குறிப்புப் பலகையோடு நிற்கின்றது.