ரவுக்கைமேல் ஒரு சீலை

அதிகாரிகளுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஆம் அதிகாரப் பிரசங்கத்தை நெய்யூர்ப் பக்கத்து ஆலயங்களில் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். வாயை மூடச் சொன்ன ஆலோசனைச் சங்கத்துக்குப் பேதுரு அடங்க மறுத்ததும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே தென் திருவிதாங்கூர்ச் சபை 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அல்லாடியது. தோள்சீலை உடுத்தும் உரிமைக்கான வழக்கை முன்னே தள்ளியவர்கள் பாதிரிமார் அல்ல, பெண்கள் என்பதே என் கட்சி.

நாடார், சாம்பவர், புலையர் பெண்கள் மார்பை மூடக் கூடாது என்பது அன்றைய ஊர்க்கட்டு. திருவிதாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ காலத்தில், 1814ல், ஓர் உத்தரவு வந்தது: கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் சிரியன் கிறிஸ்தவர்களையும் மாப்பிள்ளை முஸ்லிம்களையும் போலக் குப்பாயம் என்ற மேற்சட்டையைப் போட்டுக்கொள்ளலாம், நாயர் பெண்களைப் போலத் தோள்சீலை மட்டும் கூடாது. லண்டன் மிஷன் பாதிரிமாருக்கு இது போதுமானதாகத் தெரிந்தது. மானம் காக்கப்பட்டது, அரசையும் மீறவில்லை. மிஷன் அம்மாமார் தளர்வான ரவுக்கை ஒன்றைத் தைத்துக் கொடுத்தார்கள்.

பெண்கள் அதைப் போட்டுக்கொண்டார்கள். அதன்மேல் இன்னொரு சீலையை எடுத்துத் தோளில் போட்டார்கள். அந்த இரண்டாவது துணிக்குத்தான் சந்தையிலும் வழியிலும் அடி விழுந்தது. மானத்தை மறைக்க ரவுக்கையே போதும். தோள்சீலை, நானும் உனக்குச் சமம் என்று தெருவில் நின்று சொன்னது. அடித்தவர்களுக்கு அது நன்றாகவே புரிந்தது.

இந்தத் துணிச்சலுக்குப் பள்ளிக்கூடமும் ஒரு காரணம். நாகர்கோவிலில் மிஷனைச் சேர்ந்த மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டின்மேல் ஊசி குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போடும் வேலை அது. கண்ணும் கழுத்தும் நோகும். அடிமைகளாக இருந்த பெண்கள் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855ல்தான். அதற்கு முன்பே தன்னைத்தானே மீட்டுக்கொண்ட ஒருத்தியிடம் போய்த் துணியை இறக்கு என்றால் இறக்குவாளா?

1823ல் பத்மநாபபுரம் நீதிமன்றத் தீர்ப்பு தோள்சீலை போட்ட பெண்கள் பக்கம் வந்தது. அது நிலைக்கவில்லை. ஆலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. 1829 பிப்ரவரியில் ராணி கௌரி பார்வதிபாயின் பிரகடனம் தோள்சீலையை மறுபடி தடுத்தது. குறைகளைப் பாதிரிமார் மூலமாகக் கொண்டுவரக் கூடாது என்றும் சொன்னது. பாதிரி மீட் முதலானவர்கள் மனு மேல் மனு எழுதினார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். சிலருக்கு உயிர் அச்சுறுத்தலும் இருந்தது. ஆனால் மனு போன பிறகும் அடுத்த சந்தைக்குத் தோள்சீலையோடு போகவேண்டியவள் நம் பெண்தான்.

ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கிடைத்த சலுகை ஞானஸ்நானம் பெற்றவளுக்கு மட்டும். அதே வீட்டில் பழைய மார்க்கத்திலேயே இருந்த அவள் தங்கைக்கு ரவுக்கையும் இல்லை. சபை இதை உரத்துக் கேட்டிருக்க வேண்டும். சாமித்தோப்பில் அய்யாவழியைத் தொடங்கிய வைகுண்டர் தம்மிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னபோது, வேதப்புத்தகம் இல்லாமலே, நானும் சமமில்லையா என்ற அதே கேள்வி எழுந்துவிட்டது.

1858 கடைசியில் மறுபடி கலகம். திவான் மாதவராவ் பழைய தடையையே நினைவூட்டினார். சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கிய பிறகே, 1859 ஜூலை 26ல், எல்லா நாடார் பெண்களும் மார்பை மூடலாம் என்று உத்தரவானது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாதென்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே இருந்தது. புலையப் பெண்களுக்கோ, 1915ல் புலையர் தலைவர் அய்யன்காளி கொல்லத்தில் கூட்டிய கூட்டத்தில், சாதி அடையாளமாக அணியவைக்கப்பட்ட கல்மாலைகளைக் கழற்றி எறியும்வரை காலம் பிடித்தது.