பதினோராம் மணியின் கூலி

விண்ணரசைப் பற்றி இயேசு சொன்ன உவமைகளில் கடுகு விதை வருகிறது, புளித்த மாவு வருகிறது, வலையும் முத்தும் புதையலும் வருகின்றன. மலேசியத் தமிழருக்கு மிக நெருக்கமானது மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் இருக்கும் உவமை என்பேன். நிலக்கிழார் ஒருவர் விடியற்காலையில் சந்தைவெளிக்குப் போய்த் தம் திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிறார். ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும், கடைசியில் அக்காலக் கணக்கில் பதினோராம் மணியான மாலை ஐந்து மணிக்கும் மறுபடி போய்ப் பிடிக்கிறார். பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் ஒரே தொகை. அந்தத் தொகையைச் சீர்திருத்த சபைகளின் பழைய வேதாகமம் 'பணம்' என்றது. 1995இல் வந்த திருவிவிலியம் 'தெனாரியம்' என்றது. பரலோகராஜ்யமும் விண்ணரசு ஆயிற்று. இத்தனை மாறியும் இரண்டிலும் அப்படியே நிற்கும் சொல் கூலி.

கூலம் என்றால் தானியம். சிலப்பதிகாரத்தில் வரும் கூலவீதி தானியக் கடைத்தெரு. உழைத்தவருக்குக் கூலமாக அளந்து கொடுத்ததால் கூலி என்று சொல்லாராய்ச்சியாளர்கள் விளக்குவதுண்டு. எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும். அளந்து போட்ட நெல் அன்றிரவே உலையில் ஏறும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. திருக்குறளின் 619ஆம் குறளில் இந்தச் சொல் பெருமையோடு நிற்கிறது. தெய்வத்தால் கூடாமற்போனாலும், முயற்சி உடல் வருந்திய அளவுக்குக் கூலி தரும் என்கிறார் வள்ளுவர். அங்கே கூலி உழைப்பின் உரிமை. அதில் இழிவின் வாடை துளியும் இல்லை.

இழிவு கடல் தாண்டும்போது ஏறியது. போர்த்துக்கீசியர் வாயிலும் பிறகு ஆங்கிலேயர் வாயிலும் சம்பளத்தின் பெயர் அதை வாங்கும் மனிதனின் பெயராயிற்று. அவர்கள் வாயில் வழங்கிய அந்தச் சொல்லுக்குக் குஜராத்தின் கோலி இனத்தார் பெயரே மூலம் என்று சொல்வோரும் உண்டு. இரண்டும் கலந்திருக்கவும் கூடும். 1830களில் பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிந்தது. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கும், பிற்பாடு மலாயாவின் பால்மரக் காடுகளுக்கும் ஆள் தேவைப்பட்டபோது இந்தச் சொல்லே சரக்குச் சீட்டுபோல ஒட்டிக்கொண்டது. மலாயில் அது 'குலி'. சீனர்களோ கடுமை, வலிமை என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளால் அதை எழுதிக்கொண்டார்கள். பண்டமாரான் அவசரகாலத்தில் சீனருக்கான புதுக்கிராமமாக உருவான ஊர், கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கம், தமிழரும் நிறைய வாழ்கிறார்கள். தமிழ், மலாய், சீனம் மூன்றும் புழங்கும் இப்படியொரு ஊரில் எந்த மொழிக்காரரைக் கேட்டாலும் இந்தச் சொல் தெரிந்திருக்கும். மூவருக்கும் அது கசக்கும்.

தோட்டத்தில் கூலி எப்படி நடந்தது? விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும், கிராணி பெயர் எழுதுவார், கங்காணி ஆள் பிரிப்பார். 1920களின் இறுதியில் மலாயாவில் எளிதில் போய்வரக்கூடிய வட்டாரங்களில் அரசு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இலங்கை மலையகத்தில் முழுநாள் கூலிக்குப் 'பேர்' என்றே பெயர். வேலை குறைந்துவிட்டது என்று கணக்கப்பிள்ளை நினைத்தால் 'அரைப் பேர்' போடுவார். விடிகாலையில் மலையேறியவளுக்குக்கூட அந்தி நேரத்தில் பாதிக் கூலிதான்.

உவமையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை பார்த்தவனுக்கு அங்கே முழுப்பேர் விழுகிறது. ஏன் நாள் முழுக்கச் சும்மா நின்றீர்கள் என்று நிலக்கிழார் கேட்டபோது அவர்கள் சொன்ன பதில், எங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்பதே. சோம்பலால் நின்றவர்கள் இல்லை, கூப்பிடப்படாதவர்கள். ஒரு தெனாரியம் அக்காலத்தில் சாதாரண நாட்கூலி. அதில் பாதி கொடுத்தால் அந்த வீட்டில் பாதிப் பேருக்குத்தான் சோறு. விண்ணரசின் கணக்கு மணிநேரத்தை விட்டுவிட்டு அடுப்பிலிருந்து தொடங்குகிறது. வள்ளுவர் சொன்ன கூலி வருத்தத்தின் அளவுக்கு வருகிறது. இந்தக் கூலி பசியின் அளவுக்கு வருகிறது.

தொழிற்சங்கத்தில் பழகியவர் ஒருவர் இங்கே குறுக்கிடுவார், அது நியாயமும்கூட. ஒரு மணி நேரம் உழைத்தவருக்கும் நமக்கும் ஒரே கூலியா என்று விடியலில் வந்தவர் முணுமுணுத்தது தப்பா? என் பொருளை என் விருப்பப்படி கொடுக்கிறேன் என்று நிலக்கிழார் அவர்களுக்குச் சொன்ன பேச்சை எந்தத் தோட்டத்துத் துரையும் பேசியிருப்பாரே? 1941ஐ நினைத்தால் இந்தக் கேள்வி கனக்கிறது. அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் முன்னின்றார்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்துக்கு முடிவு ஆகியவை அவர்கள் கேட்டவற்றுள் சில. மே மாதம் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, படை இறங்கியது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தார்கள்.

கிள்ளானில் கேட்டது ஒரே வேலைக்கு ஒரே கூலி. உவமையில் கிடைப்பது வேறுவேறு நேர வேலைக்கு ஒரே கூலி. இரண்டும் எதிரெதிர் போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துரைமார் தங்கள் விருப்பத்தைக் கூலியைக் கீழே இழுக்கப் பயன்படுத்தினார்கள். உவமையின் நிலக்கிழார் பேசிய கூலியில் ஒரு காசும் குறைக்காமல், குறைவாக வாங்க வேண்டியவரை மேலே தூக்குகிறார். ஆள் பிடிக்கக் கங்காணியை அனுப்பாமல் தாமே ஐந்து முறை சந்தைக்கு நடக்கிறார். அன்றன்றைக்கே கூலியும் கொடுத்துவிடுகிறார். கூலியாளின் கூலியைப் பொழுது விடியும்வரை வைத்திருக்காதே என்பது லேவியராகமத்தின் கட்டளை. மலேசியாவின் 1955 வேலைச் சட்டம் சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. குறைவாக வாங்குவோரைச் சட்டமும் மெல்ல மேலே தூக்குகிறது: 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆயிற்று.

தமிழ் வேதாகமத்தில் நான் கவலையோடு கவனிக்கும் ஒன்று உண்டு. உவமையின் கூலிக்குக் கிரேக்கத்தில் நிற்கும் 'மிஸ்தோஸ்' என்ற அதே சொல்தான் இயேசுவின் மலைப்பொழிவிலும் வருகிறது. அங்கே பழைய மொழிபெயர்ப்பு பரலோகத்தில் கிடைப்பதைப் 'பலன்' என்றது, புதியது 'கைம்மாறு' என்றது. தோட்டத்தில் கூலி, விண்ணில் பலன். இந்தப் பிரிப்பால் உவமை மெல்ல மெல்ல சாவுக்குப் பிறகான கதையாகிவிடுகிறது. பிந்தி மனந்திரும்பியவருக்கும் மோட்சம் உண்டு என்ற ஒரே பாடத்தோடு பிரசங்கம் முடிந்துவிடுகிறது. அந்தப் பாடம் சரியானதே. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் சபையில் பால்மரம் சீவியவரின் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே செம்பனைத் தோட்டங்களில் இன்று நாட்கூலிக்கு நிற்பவருள் பலர் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும்.

கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் இந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்கும் போதகர்களுக்கும் குருக்களுக்கும் என் வேண்டுகோள் இது: அடுத்த முறை கூலி என்ற சொல்லைக் கூலியாகவே பேசுங்கள். நம் தாத்தா பாட்டி வாங்கிய 50 காசையும் 40 காசையும் சொல்லுங்கள். பிறகு, உங்கள் சபையாரின் கடையிலும் வீட்டிலும் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இந்த மாதக் கூலி முழுதாக, உரிய நாளில் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள்.